கொண்டைக்கடலையில் நூற்புழு: எவ்வளவு ஆழத்தில் மண் எடுப்பது?

கேள்வி: கரிசல் நிலத்தில் வருடாவருடம் கொண்டைக்கடலை போடுகிறேன். திட்டுத் திட்டாகச் செடி மஞ்சளாகிக் குட்டையாக நிற்கிறது. பூக்கும் சமயத்தில் அரை அடி மண் எடுத்துப் பரிசோதித்ததில் நூற்புழு மிகக் குறைவு என்று வந்தது. கோடை உழவும் தவறாமல் செய்கிறேன். வேறு என்ன காரணம்?

பதில்: அந்த முடிவை வைத்து நூற்புழு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மண் எடுத்த ஆழம் போதவில்லை.

நூற்புழு கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. மண்துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில்தான் அது நகரும். பூக்கும் சமயத்தில் கரிசலின் மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும். பயிர் அடியீரத்தை நம்பி வேரை இறக்கியிருக்கும். வேரைத் தின்று வாழும் புழுவும் அங்கேதான் பெருகும். வேர்ப்புண் நூற்புழு என்ற வகை இரண்டு, மூன்று அடி ஆழத்திலும் இருக்கும். மேலே மிஞ்சியவை காய்ந்த மண்ணில் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் எழுந்துவிடும். கோடை உழவு நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் கலப்பை புரட்டும் ஆழத்துக்குக் கீழே வெயில் எட்டாது.

முதலில் மஞ்சள் திட்டின் ஓரத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து, விரலால் தள்ளினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது தழைச்சத்து தரும் நல்ல முடிச்சு. வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. வீக்கம் இல்லாமல் பழுப்பும் கறுப்புமாக நீளப் புண்கள் இருந்தால் வேர்ப்புண் நூற்புழு என்று சந்தேகப்படலாம். தண்டைப் பிளந்தும் பாருங்கள். உள்ளே கருங்கோடு ஓடினால் அது வாடல் நோய், அதற்கு வைத்தியம் வேறு.

பிறகு, மண்ணில் ஈரம் இருக்கும்போது குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இருபது இடங்களில் மாதிரி எடுங்கள். 0–15, 15–30, 30–60 செ.மீ. மண்ணைத் தனித்தனிப் பையில் சல்லிவேரோடு கட்டுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். பல பரிசோதனை முறைகளில் உயிரோடு நெளிந்து வெளிவரும் புழுவைத்தான் எண்ணுவார்கள். சூட்டில் செத்தது கணக்கில் வராது.

எண்ணிக்கையோடு இனத்தையும் கேட்டு வாங்குங்கள். வேர்ப்புண் நூற்புழுவில் ஓர் இனமான பிராட்டிலெங்கஸ் தோர்னி என்றால் கோதுமையும் பாசிப்பயறும் அதைப் பெருக்கும். சோளம், சூரியகாந்தி போட்டால் குறையும். ஒரு பருவம் போதாது, அடியில் இருப்பது மெதுவாகத்தான் குறையும். இனம் தெரியும்வரை மருந்துக்குச் செலவழிக்க வேண்டாம்.