பழைய பூல் (pool, கோலால் பந்தடிக்கும் மேசை ஆட்டம்) போட்டிப் பதிவுகளை ஊட்டி நண்பர்களோடு பார்க்க, எதில் தொடங்கலாம்?

ஸ்னூக்கர் விதிகளை 1882இல் எழுதி ஒட்டிய ஊர் என்பதால் ஊட்டியில் அதன் பெயர்தான் பெரிது. பூல் வேறு. அதில் ஒரு வகையான நைன் பால் பதிவுகளில் தொடங்குங்கள்: மேசையில் இருப்பதில் சின்ன எண் பந்தைத்தான் முதலில் தொட வேண்டும், தவறில்லாத அடியில் ஒன்பதாம் பந்து குழியில் விழுந்தால் அந்த ரேக் (ஒரு சுற்று) முடிந்தது, அடித்தவருக்கே வெற்றி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் 1995இல் பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரன் ரெயஸ், அமெரிக்க வீரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டோடு ஆடியது. நேர்வழி அடைபட்டிருக்க, ரெயஸ் வெள்ளைப் பந்தை இரண்டு குஷனில் (மேசையின் ரப்பர் ஓரம்) மோதவிட்டுக் குறிப்பந்தை அடிப்பார். அந்த இடத்தில் நிறுத்தி, "நீ என்ன அடிப்பே?" என்று கேட்டுவிட்டு ஓட விடுங்கள். அப்புறம் 1996 ஹாங்காங்: அதே ஸ்ட்ரிக்லண்டோடு மூன்று நாள் ஆட்டம், ரெயஸ் 120–117 ரேக் கணக்கில் வென்றார். கடைசிப் பகுதி மட்டும் போதும்.

குரூப்பில் அனுப்பும்போது நிமிடத்தைக் குறிப்பிடுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். மழைநாளில் நெட் காலை வாரும். சேமிக்க வழியிருந்தால் முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.