ஈரான்காரர்களுக்குச் சொரணை இல்லையா?

கேள்வி: ஈரான் மேல் எத்தனையோ வருடமாகப் பொருளாதாரத் தடை. 2025 ஜூனில் குண்டும் விழுந்துவிட்டது. தின்னக் கஷ்டம், பேசினால் ஜெயில். அப்படியும் அந்த ஜனங்கள் ஒன்றுசேர்ந்து அரசைத் தூக்கி எறியாமல் இருக்கிறார்களே, சொரணை இல்லையா? தடையை இன்னும் இறுக்கினால்தான் புத்தி வரும் என்கிறேன். சரிதானே?
(ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: சரியில்லை.

முதலில், சும்மா இருந்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? 2019 நவம்பரில் பெட்ரோல் விலையை ஒரே ராத்திரியில் ஏற்றியபோது ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தார்கள். அரசு கிட்டத்தட்ட ஒரு வாரம் நாடு முழுக்க இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, வெளியே யாருக்கும் தெரியாமல் சுட்டது. 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போன மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண் காவலில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் முக்காட்டைக் கழற்றி வீசினார்கள், ‘பெண், வாழ்வு, சுதந்திரம்’ என்று கத்தினார்கள். நூற்றுக்கணக்கில் செத்தார்கள், பிடிபட்டவர்களில் சிலரைத் தூக்கிலும் போட்டது அரசு. சொரணை இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது?

எனக்கு எமர்ஜென்சி ஞாபகம் இருக்கிறது. அந்த 21 மாதமும் நான் சேலத்தில்தான் இருந்தேன். நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் ஒருநாள் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார் கடைக்காரர். போலீஸ் வந்து எழுதச் சொன்னதா என்றால் இல்லை, அவராகவே எழுதியது. நாங்களும் வடையைத் தின்றுவிட்டு மேட்டூர் அணையின் நீர்மட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேல் எந்த விமானமும் பறக்கவில்லை, ரேஷனில் அரிசி நிற்கவில்லை. அப்போதே அப்படி.

தடை விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு ஈரான் வரை போகவேண்டாம். நம் மாவட்டத்து முகாம் ஒன்றில், அதாவது அகதிகள் முகாம் என்று இருந்து 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறிய இடத்தில் (பெயர் மாறியது, குடியுரிமை வரவில்லை, அதை இன்னொரு வாரம் பேசலாம்), யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். தையல் வேலை. எங்கள் வீட்டுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வருவார். 2012இல் நமக்கெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போய், தறிக்காரர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்த சமயம், அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்களுக்குத் தொண்ணூறில கரண்ட் போனது தம்பி. அது திரும்பி வர முதல் நாங்கள் வெளிக்கிட்டு வந்திட்டம்.”

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியதும் இலங்கை அரசு யாழ்ப்பாணத்துக்குப் பொருள் போவதைத் தடுத்தது. பெட்ரோல், டீசல், சிமெண்ட், இரும்பு, உரம், பேட்டரி, சோப்பு, மெழுகுவர்த்தி, மருந்துகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. புலிகள் கையில் சிக்கிவிடும் என்பது காரணம். மண்ணெண்ணெய் யானை விலை. அதனால் ஜாம் போத்தல் விளக்கு. அக்கா ஒருமுறை எனக்கு அதைச் செய்தே காட்டினார். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் டியூபின் வால்வுக் குழாயில் திரியைச் செருகிப் பஞ்சுக்குள் குத்தி நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். போத்தல் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. மூக்குத்தி அளவுதான் சுடர். அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். பேட்டரி இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் பி.பி.சி. வானொலியின் தமிழோசைச் செய்தி கேட்பது. சுற்றுகிறவர் சோர்ந்தால் செய்தியும் நின்றுவிடும். மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டுவது, சோப்புக்குப் பதில் பனங்களியில் துணி துவைப்பது. கேட்கக் கேட்க நான் “அடேயப்பா, என்ன மூளை!” என்றேன். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. துணி பழுப்பாகத்தான் வெளுத்தது, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையைப் பார்க்க அழுகை வரும் என்றார். அன்றிலிருந்து இந்த மாதிரி விஷயத்தில் நான் அடேயப்பா சொல்வதில்லை.

இதில் புலிகளுக்கு என்ன ஆயிற்று? அவர்கள் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வருகிற பொருளுக்கு வரி போட்டார்கள். ஊரைவிட்டு வெளியே போகிறவன் அவர்களிடம் பாஸ் வாங்கவேண்டும். அதே 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரம் கெடு வைத்து, உடுத்த துணியோடு விரட்டினார்கள். ஏன் என்று கேட்க அங்கே வாய் கிடையாது. பாஸ் கிடைத்துக் கிளம்பினாலும் கிளாலி என்கிற கடல்நீரேரியை ராத்திரியில் படகில் கடக்கவேண்டும், அதில் இலங்கைக் கடற்படை சுடும். எத்தனையோ பேர் அங்கேயே செத்துப்போனார்கள். மேலே ஒரு அரசு, உள்ளே ஒரு அரசு, நடுவில் கையில் போத்தலோடு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறவள். தடை போட்டதால் அவள் புலிகளை எதிர்த்துக் கிளம்பினாளா, கொழும்பை நேசிக்கத் தொடங்கினாளா? இரண்டும் இல்லை. வரிசையில் இடம் போய்விடுமோ என்றுதான் பயந்தாள்.

இப்போது ஈரான். 2015இல், அணு வேலையைக் குறைத்தால் தடை தளரும் என்று அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளோடு அணு ஒப்பந்தம் போட்டபோது ஒரு டாலருக்குச் சந்தையில் முப்பதாயிரம் ரியாலைச் சுற்றிக் கொடுத்தார்கள். 2018இல் டிரம்ப் அதைவிட்டு விலகித் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார், 2025இல் அதே டாலர் பத்து லட்சம் ரியாலைத் தாண்டியது. ரிடையர் ஆன ஒரு வாத்தியார் இருபது வருடமாகச் சேர்த்து வைத்தது என்ன ஆகியிருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள். மருந்துக்குத் தடை இல்லையே என்பார்கள். காகிதத்தில் இல்லைதான். ஆனால் பணத்தைக் கைமாற்றிவிட எந்த வங்கியும் முன்வராது, அமெரிக்கா அபராதம் போடும் என்ற பயம். தொட்டாலே தோல் உரிகிற ஒரு பிறவி நோய் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளைப் பட்டாம்பூச்சிப் பிள்ளைகள் என்பார்கள் அங்கே. புண்ணில் ஒட்டாத கட்டுத்துணி ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2018க்கு அப்புறம் அது நின்றது. சாதாரணக் கட்டைப் போட்டால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். அந்தப் பிள்ளைக்குத்தான் புத்தி வரவேண்டுமா ஐயா?

அப்புறம் 2025இல் அந்த 12 நாள் போர். ஜூன் 13ஆம் தேதி இஸ்ரேல் ஆரம்பித்தது, 22ஆம் தேதி அமெரிக்காவும் குண்டு போட்டது. தெஹ்ரானில் சைரன் இல்லை, பதுங்க ஒழுங்கான இடமும் இல்லை. பெட்ரோல் பங்கில் வரிசை, அளந்துதான் ஊற்றினார்கள், வடக்கே காஸ்பியன் கடல் பக்கம் போகிற ரோடெல்லாம் கார். இன்டர்நெட்டை அரசே அணைத்துவிட்டதால் வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது. 23ஆம் தேதி தெஹ்ரானில் இருக்கிற எவின் சிறை மேல் குண்டு விழுந்தது. எழுதினதற்கும் பேசினதற்கும் அந்த அரசு உள்ளே போட்டிருந்தது பாருங்கள், உங்கள் கணக்குப்படி சொரணை உள்ளவர்கள், அவர்கள் இருந்த சிறை. கைதிகள், பார்க்க வந்த சொந்தக்காரர்கள், சிறை ஊழியர்கள் எல்லாருமாகச் செத்தார்கள். போர் நின்றதும் அரசு செய்த முதல் வேலை, உளவாளிகள் என்று சொல்லி இன்னும் நூற்றுக்கணக்கான பேரைப் பிடித்து உள்ளே போட்டது.

ஈரான் அரசுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாராவது எழுதுவீர்கள், எழுதுங்கள். அந்த அரசு ஒழியட்டும் என்று நினைக்கிற ஈரான்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். தங்கள் தலையில் குண்டு விழவேண்டும், பிள்ளைக்கு மருந்து நிற்கவேண்டும் என்று அவர்கள் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் என் பேச்சு.

போன வாரம் ஜாக்கெட் கொண்டுவந்த அக்காவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கடைசி வரை கேட்டார். பிறகு, “அந்தத் தம்பிக்கு எத்தினை பிள்ளையள்?” என்றார். கடிதத்தில் அது இல்லை. அடுத்த தபாலில் எழுதுங்கள், சொல்லிவிடுகிறேன்.