வாசகர் கேள்வி பதில்: அலுமாரியில் பூட்டிய மூக்குப்பேணி

கேள்வி: அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை மூக்குப்பேணியையும் செம்புகளையும் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். தேநீர் குடிக்க எடுப்போம் என்கிறாள் மகள். எனக்கோ மனம் வரவில்லை. பழைய பொருள்களில் நமக்கு ஏன் இத்தனை பற்று? பாவித்தால் பழுதாகிவிடாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பிலும் 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலும், கையில் அகப்பட்டதோடு வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில் கலியாணப் படம்கூட மிஞ்சவில்லை. எல்லாம் போன பிறகும் ஒரு பித்தளைச் செம்பு தப்பி வந்திருந்தால், அப்படியொரு வீடு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடுகிறது. பற்று வராமல் எப்படி இருக்கும்? உங்கள் செம்பின் கழுத்தோரத்தைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பொளித்த முதலெழுத்துகள் இருக்கக்கூடும். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் இரவல் போன பாத்திரம் சொந்த வீட்டுக்கே திரும்பி வரவேண்டும் என்று இட்ட அடையாளம் அது.

மகள் சொல்வதே சரி என்பது என் அபிப்பிராயம். உதட்டில் படாமல், தலையைச் சற்று நிமிர்த்தி, மெல்லிய தாரையாக வாயில் விட்டுக் குடிப்பதற்காகவே மூக்குப்பேணிக்கு அந்த மூக்கை வைத்தார்கள். குடித்துப் பார்க்காத பிள்ளைக்கு அதன் அருமை தெரியவராது. அதனோடு ஒட்டிய கசப்பான வரலாற்றையும் அவளுக்குச் சொல்லுங்கள். உறவினருக்கு மூக்குப்பேணியில் கொடுத்த அதே வீடுகள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாவிப்பதில் கவனம் வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து களிம்பு ஏறும். ஆகவே தேசிக்காய் விட்ட தேநீர், மோர், இரசம் ஆகியவற்றை அதில் ஊற்றக் கூடாது. பழைய பித்தளையில் காரீயமும் கலந்திருக்கக்கூடும் என்பதால், உட்புறத்துக்குத் தூய வெள்ளீயம் பூசுவித்த பிறகே குடிக்க எடுங்கள். பூச்சுத் தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால் மீண்டும் பூசுவிக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அன்றாடம் கொடுக்க வேண்டாம். வெளிப்புறத்துக்குப் பழப்புளி போதும். அதிலுள்ள அமிலம் கறுத்த படலத்தைக் கரைத்துவிடும். இரும்புக் கம்பியால் உரஞ்சினால் அந்த முதலெழுத்துகள் தேய்ந்து போகும்.

கேள்வி: பழைய சிங்கர் கால்மெசின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அழகுக்காக மட்டுமன்றித் தைக்கவும் விரும்புகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல் என்பதால், நம் வீடுகளில் அது மூன்று நான்கு தலைமுறை உழைத்த பொருள். மெசினில் பொறித்த தொடர் இலக்கத்தைக் கொண்டு அது செய்யப்பட்ட காலத்தை அறியலாம். இலக்கத்துக்கு முன் எழுத்து இருந்தால் அது 1900ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டது.

தைக்க விரும்புகிறவர் முதலில் பார்க்கவேண்டியது நூல் சுற்றும் பகுதியை. வட்டமான பொபின் உள்ள மெசின்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைய வீட்டு மெசின் ஊசியே பொருந்தும். படகு வடிவ நாடா (கீழ்நூலைக் கொண்டு ஓடும் ஓடம்) உள்ள மிகப் பழைய வகைக்கு வேறு ஊசி வேண்டும். அதைத் தேடி அலைய நேரும். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான் காரணம். தெளிந்த மெசின் எண்ணெயைத் துளித் துளியாக விட்டு ஒருநாள் பொறுத்தால் இளகிவிடும். தேங்காயெண்ணெய் விட்டால் அது பிசினாகி மேலும் இறுகும். தோல்வார் அறுந்திருப்பது குறையே அல்ல, புதிதாக மாற்றலாம். மேலேயுள்ள பொன்னிறச் சித்திரங்களை ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் கரைந்து போகும். அங்கும் அதே மெசின் எண்ணெயை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டுத் துடையுங்கள்.