ஞாபகம் நன்றாக இருந்தால் டிமென்ஷியா (மூளையின் திறன் குறைந்துகொண்டே போகும் நோய்) இல்லை என்று அர்த்தமா?
அப்பாவுக்குப் பழைய கணக்கு வழக்கெல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் ஹாலில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார், இது மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் டாக்டர் இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நரம்பியல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

என் அம்மாவுக்கும் மறதியில் தொடங்கவில்லை. பேரப்பிள்ளைகளின் நட்சத்திரம் வரைக்கும் சொல்வார். ஆனால் சாயங்காலமானால் பீரோ பக்கத்தில் இரண்டு குழந்தைகள் வந்து நிற்கும். "பாவம், பசியோட நிக்குதுங்க, ஆளுக்கொரு இட்லி குடு" என்பார். அதற்குச் சில வருடம் முன்பிருந்தே தூக்கத்தில் கத்திக் கையை வீசி அப்பாவை அடிப்பது உண்டு. அப்புறம் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். ஒரு நாள் பேப்பர் படிப்பார், மறுநாள் டம்ளரை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முழிப்பார். சொந்தக்காரர்கள் காத்துக்கருப்பு என்றார்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஹாலோபெரிடால் என்கிற மனநோய் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள், உடம்பு மரக்கட்டையாக விறைத்து எச்சில்கூட விழுங்க முடியவில்லை. இது லூயி பாடி என்கிற ஒரு வகை டிமென்ஷியா என்று கண்டுபிடித்து அந்த மாத்திரையை நிறுத்தியது நரம்பியல் டாக்டர்தான். இந்த வகைக்காரர்களுக்கு அப்படிப்பட்ட மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்ன வகை என்று தெரிய வேண்டும் என நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிற மறதி பெரும்பாலும் அல்சைமர், அதுதான் அதிகம் பேருக்கு வருகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு நினைவும் புத்தியும் படிப்படியாக இறங்கினால் மூளை ரத்தக்குழாய் பிரச்சினையாக இருக்கலாம். 60 வயதுக்கு முன்பே குணம் மாறி, கூச்சநாச்சம் இல்லாமல் நடந்துகொண்டால் மூளையின் முன்பகுதி பாதித்த வகையா என்று பார்ப்பார்கள். இரண்டு வகை கலந்தும் வரும். பி12 குறைவு, தைராய்டு, விழுந்து அடிபட்டு மண்டைக்குள் கட்டிய ரத்தம், இவற்றாலும் இதே மாதிரி ஆகும், சரிசெய்யவும் முடியும். இரண்டே நாளில் குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நெட்டில் படித்து நோய்க்குப் பெயர் வைக்காதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் சொல்வது, தூக்கம், நடை, தெரிகிற உருவங்கள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள் என்றுதான்.

இதற்கு நடுவில் அம்மாவின் பென்ஷன் கொடுமை வேறு. கை நடுங்கிக் கையெழுத்து மாறிவிட்டது என்று வங்கியில் பணம் தர மறுத்து, நேரில் கூட்டிவரச் சொன்னார்கள். ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனால், சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க என்றார்கள். இன்றுவரை ஆறவில்லை. உங்கள் அப்பா தெளிவாக இருக்கும்போதே வங்கி, பத்திர வேலைகளை முடித்துவிடுங்கள்.