ஐ.டி. வேலையை விட்டு எலக்ட்ரீஷியன் ஆக விரும்புபவர் ஏன் அப்ரண்டிஸாகத் தொடங்க வேண்டும்?

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்குக் கீழே, சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் கற்பவர்தான் அப்ரண்டிஸ். பல நாடுகளில் இது 3 முதல் 5 ஆண்டுகள் வரை நீளும். ஆரம்பத்தில் வருமானம் குறையும், அதை முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு காலம்? மின்வேலையில் தவறு உடனே வெளியே தெரியாது. வயரைப் பிடித்திருக்கும் டெர்மினல் ஸ்க்ரூ கொஞ்சம் லூஸாக இருந்தாலும் அன்றைக்கு விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி, ஒவ்வொரு முறை சுமை ஏறும்போதும் சூடாகி, வயரின் உறை கருகி, ஒருநாள் தீப்பிடிக்கலாம். அதனால் சரியாகச் செய்யக் கை பழக வேண்டும். கார் ஓட்டுவது மாதிரிதான்: சாலை விதிகள் மனப்பாடமாக இருந்தாலும் கிளட்ச்சை எப்போது விடுவது என்பது கால் பழகினால்தான் வரும்.

அப்படியானால் பழைய அனுபவம் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஐ.டி.யில் பழகிய, பழுதுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித் தேடும் பழக்கம், இயந்திரங்களை இயக்கும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியான கன்ட்ரோல் பேனல் வேலையில் அப்படியே கைகொடுக்கும்.