மணிப்பூர் ஏன் அடங்கவில்லை?

கேள்வி: கலவரம் என்றால் ஊரடங்கு போட்ட நாலைந்து நாளில் ஓய்ந்துவிடும் என்றே பார்த்திருக்கிறோம். மணிப்பூரில் 2023 மே மாதம் மூண்ட வன்முறை மட்டும் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்பலி வாங்கியது ஏன்? முன்கூட்டியே கணித்திருக்க முடியாதா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பள்ளத்தாக்கில் பெரும்பான்மையான மெய்தேய் மக்களுக்கும் மலைவாழ் பழங்குடியினரான குகி-சோ மக்களுக்கும் உள்ள பகை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் பகை மட்டுமே இருந்தால், ஏறத்தாழ 260 பேர் இறந்து 60,000 பேர் வீடிழக்கும் அளவுக்கு நிலைமை போகாது.

அடிப்படை நிலம்தான். மாநிலப் பரப்பில் சுமார் 10 விழுக்காடேயுள்ள இம்பால் பள்ளத்தாக்கில் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். மலைப்பகுதியில் பழங்குடியினர் அல்லாதோர் நிலம் வாங்க முடியாது. மெய்தேய் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தால் அவர்களும் அங்கே நிலம் வாங்கலாம் என்ற நிலையில், அது குறித்து மணிப்பூர் உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் பிறப்பித்த உத்தரவு, காட்டு நிலங்களிலிருந்து நடந்த வெளியேற்றங்களால் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்த மலை மாவட்டங்களை மேலும் உசுப்பியது. மே 3 அன்று அந்தப் பட்டியல் கோரிக்கையை எதிர்த்துப் பழங்குடி மாணவர் அமைப்பு நடத்திய பேரணியின்போது, மலை மாவட்டமான சுராசந்த்பூரின் எல்லையில் மோதல் வெடித்தது.

அதன் பிறகு வதந்தி தன் வேலையைச் செய்தது. வேறு மாநிலத்தில் கொலையுண்ட ஒரு பெண்ணின் படத்தை, சுராசந்த்பூரில் கொல்லப்பட்ட மெய்தேய் பெண் என்று சொல்லிப் பரப்பினார்கள். இணையத்தை முடக்கினார்களே என்று கேட்கலாம். வதந்தி வாய்மொழியாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுப்புதான் போய்ச் சேரவில்லை.

இவையெல்லாம் வேறு மாநிலக் கலவரங்களிலும் ஓரளவு காணக்கூடியவையே. மணிப்பூரைத் தனித்துக் காட்டுவது துப்பாக்கி. காவல்துறை ஆயுதக் கிடங்குகளிலிருந்து 6,000 அளவிலான ஆயுதங்கள் பறிபோயின, அதுவும் ஒரே நாளில் அல்ல. மோதல் தொடங்கி மூன்று மாதமான பிறகும், ஆகஸ்ட் 3 அன்று பிஷ்ணுபூர் மாவட்டம் நாரன்சேனாவில் இருந்த ரிசர்வ் பட்டாலியன் முகாமுக்குள் கும்பல் புகுந்து, ஏகே, இன்சாஸ் ரகத் துப்பாக்கிகளையும் 19,000-க்கு மேற்பட்ட தோட்டாக்களையும் அள்ளிச் சென்றது. அதற்குள் காவலர்களே இனவாரியாகப் பிரிந்து, மெய்தேய் காவலர் மலையிலும் குகி காவலர் பள்ளத்தாக்கிலும் பணிபுரிய முடியாத நிலை வந்திருந்தது. தொடக்கத்தில் கும்பல்கள் தெருவில் செய்த கொலை, பின்னர் மலையடிவாரத்தில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி சுடும் சண்டையாக மாறியது. தெருக் கும்பலை ஊரடங்கு கலைத்துவிடும். பதுங்குகுழியில் இருப்பவனை அது என்ன செய்யும்?

பல சமூகத்தார் கலந்து வாழும் ஜிரிபாம் மாவட்டம் ஓராண்டுக் காலம் பெரிய அசம்பாவிதமின்றி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே 2024 ஜூனில் ஒரு விவசாயியின் உடல் கிடைத்ததும் வீடுகள் எரிந்தன; நவம்பரில் பெண்களும் குழந்தைகளுமாக ஆறு பேர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். சுற்றிலும் ஆயுதம் குவிந்திருக்கும்போது ஒரு கொலை அந்தந்த ஊரோடு நிற்பதில்லை.

கணித்திருக்க முடியாதா என்கிறீர்கள். சுராசந்த்பூரில் முதலமைச்சர் திறக்கவிருந்த உடற்பயிற்சிக்கூடத்தை ஏப்ரல் 27 இரவே ஒரு கும்பல் அடித்து நொறுக்கித் தீவைத்தது. அங்கே தடையுத்தரவும் போட்டார்கள். மே 3-க்கு ஒரு வாரம்கூட இல்லை. அந்தச் சில நாள்களில் காவல் நிலைய ஆயுதங்களை ராணுவக் காவலுக்கு மாற்றியிருந்தால், மோதல் நின்றிருக்காது. சாவு எண்ணிக்கை பெருமளவு குறைந்திருக்கும் என்பதே என் கருத்து.