பனிக்காற்றிலும் வெப்பம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கும் மகள் வீட்டில் இந்தக் குளிர்காலத்தை நானும் என் மனைவியும் கழிக்கவிருக்கிறோம். எங்களுக்கு ஒதுக்கியுள்ள 14 சதுர மீட்டர் அறையில் இப்போது 1,500 வாட் மின்கணப்பு இருக்கிறது. மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று மருமகன் அதை எடுத்துவிட்டு, ஏசி போலவே இருக்கும் ‘ஹீட் பம்ப்’ ஒன்றை மாட்டப் போகிறாராம். வெளியே உறைபனி படியும்போது அந்தக் காற்றிலிருந்து எப்படி வெப்பத்தை எடுக்க முடியும்? ஏசி காற்றே ஆகாத எனக்கு மூக்கும் தொண்டையும் வறண்டுவிடாதா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எடுக்க முடியும். தங்கள் வீட்டு ஏசி சித்திரை மாதம் முழுவதும் செய்வது அதே வேலைதான். திசை மட்டும் வேறு. அறைக்குள் 25 டிகிரியில் இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, 37 டிகிரியில் காயும் தெருவில் அது கொண்டுபோய்க் கொட்டுகிறது; மொட்டை மாடியில் வெளி யூனிட்டுக்கு எதிரே நின்றவர்களுக்கு அந்த அனல் தெரிந்திருக்கும். ஹீட் பம்பில் நால்வழி வால்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது. அது கேஸ் ஓடும் பாதையைத் திருப்பிவிட்டால், வெளியே உள்ள சுருள் குளிர்ந்து உள்ளே உள்ள சுருள் சூடாகும். இத்தகைய இயந்திரங்களில் இன்று பெரிதும் நிரப்பப்படும் ஆர் 32 என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 52 டிகிரியிலேயே கொதித்துவிடும் தன்மையுடையது என்பதால், 2 டிகிரிக் காற்றும் அதற்குச் சூடான அடுப்புதான். அங்கே ஆவியாகி வரும் கேஸைக் கம்ப்ரஸர் அழுத்திச் சூடேற்றி உள்ளே அனுப்புகிறது.

‘பம்ப்’ என்ற பெயர் பொருத்தமானது. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க அதே குடம் தண்ணீருக்கு மோட்டார் அதிகம் இழுப்பதைப் போல, வெளிக் காற்றுக்கும் அறைக்கும் இடையே உள்ள இடைவெளி கூடக் கூட இந்த இயந்திரமும் அதிக மின்சாரம் கேட்கும். வெளியே 7 டிகிரி இருக்கையில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 அல்லது 4 யூனிட் வெப்பம் தரக்கூடிய இயந்திரம், பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரிக்குப் போனால் இரண்டு, இரண்டரை என்று இறங்கிவிடும். மின்கணப்பு எப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான். தங்கள் அறை மணிக்கு 1.2 யூனிட் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்துக்கு மின்கணப்பு 12 யூனிட் எடுக்கும் இடத்தில் மும்மடங்கு தரும் ஹீட் பம்புக்கு 4 யூனிட் போதும். மருமகன் கணக்கு சரியே. ஆனால் ஆண்டுக்கு ஏழெட்டு நாள் மட்டும் பயன்படும் அறையாக இருந்தால் பழைய மின்கணப்பையே வைத்திருங்கள் என்பேன், ஏனெனில் மாட்டும் செலவு திரும்பி வராது.

ஒரு செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வெளியே பூஜ்யத்துக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட ஈரக் காற்று வீசும் நாட்களில், காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் வெளிச் சுருளில் பனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் சில நிமிடங்களுக்குத் தானே தலைகீழாக ஓடும். அப்போது உள்ளே வெதுவெதுப்பான காற்று நின்றுபோகும், வெளியே ஆவி எழும், தண்ணீர் சொட்டும். பழுது என்று பதற வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் உறைந்து சேராதபடி வெளி யூனிட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் முகப்புச் சுவரில் மாட்ட அங்குள்ள கூட்டு உரிமையாளர்களின் அனுமதியும் வேண்டும்.

வறட்சியைப் பற்றிய அச்சம் பாதிதான் உண்மை. குளிரூட்டும்போது ஏசி காற்றிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. சூடேற்றும்போது அறையிலிருந்து ஒரு சொட்டு நீரையும் அது எடுப்பதில்லை. குளிர்நாட்டுக் காற்றில் ஈரம் இயல்பாகவே குறைவு என்பதாலும், அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் எந்தக் கணப்பாக இருந்தாலும் உலர்வு தெரியும் என்பதாலும், பழியை இந்த இயந்திரத்தின் மேல் மட்டும் போட முடியாது. தங்களைத் தொந்தரவு செய்யக்கூடியது முகத்தில் நேராக அடிக்கும் காற்றுதான். கட்டிலுக்கு எதிரே மாட்டாமல் பார்த்துக்கொண்டு, காற்றுத் தகடுகளைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்; சூடான காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும் இயல்புடையது.

நம் ஊர்க் கணக்கில் முக்கால் டன், அதாவது சுமார் 2.6 கிலோவாட், அந்த அறைக்குத் தாராளம். பெரிதாக வாங்கினால் அடிக்கடி நின்று நின்று ஓடி மின்சாரத்தை வீணாக்கும். சன்னல் இடுக்குகளை அடைத்து, 19 அல்லது 20 டிகிரியில் வைத்துத் தொடர்ந்து ஓட விடுவதே சிக்கனம்.

கேள்வி: எங்கள் ஏசி ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறது. மார்கழி விடியலில் அதை அழுத்தினால் சூடான காற்று வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: இல்லை, அம்மா. பல மாடல்களுக்கும் ஒரே ரிமோட்டைத் தருவதால் அந்தப் படம் இருக்கிறது. நம் பக்கம் விற்கும் பெரும்பாலான ஏசிகளில் மேலே சொன்ன நால்வழி வால்வு கிடையாது. சூடும் வேண்டுமென்றால் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ என்று கேட்டு வாங்க வேண்டும். விடியலிலும் கடுங்குளிர் இல்லாத நம் கடற்கரைக்கு அது வீண் செலவு. ஊட்டியில் வீடு இருந்தால் யோசியுங்கள்.